கைக்காரரின் இன்னொரு கை

கைக்காரம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் தெரு முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஆசை ஆசையாய்த் தைத்து மாட்டிய ஜன்னல் திரையைப் பார்த்து, “கப்பலுக்குப் பாய் கட்டின மாதிரி இருக்கு, காத்தடிச்சா வீடு கிளம்பிடப் போகுது” என்று முகத்துக்கு நேரே சொன்னவள். அப்பேர்ப்பட்டவள், ஆஸ்பத்திரியில் கணவரின் கட்டிலருகே ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

கைக்காரருக்கு வலது பக்கம் விழுந்திருந்தது. வாயும் போய்விட்டது. முகத்தில் ஒரு முகமூடி, மூக்கில் ஒரு குழாய், விலாவில் ஓயாத ஓர் இரைச்சல். மிச்சம் இருந்தது இடது கை மட்டும். அந்தக் கை, துணி விலகும்போதெல்லாம் மேலே எழும். ஆள்காட்டி விரல் தரையைப் பார்த்து நீளும். பிறகு சின்னச் சின்ன வட்டமாய்ச் சுற்றும். சுற்றிச் சுற்றிக் களைத்து விழும். மறுபடி எழும்.

“என்னம்மா கேக்கறார்?” என்றாள் நர்ஸ்.

“டீயில சர்க்கரையக் கலக்கச் சொல்றார்” என்றாள் கைக்காரம்மா, கண் இமைக்காமல். “வீட்டுல இருக்கிறதா நெனப்பு.”

மூக்கு வழியாக இறங்கும் ஆகாரத்துக்குச் சர்க்கரை எதற்கு என்று நர்ஸ் கேட்கவில்லை. டாக்டர் அப்படி விடவில்லை. மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு. பேசும்போது கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம்.

“அம்மா, நுரையீரல்ல திரும்பத் திரும்ப நீர் கோத்துக்குது. அடுத்த தடவை திணறினா தொண்டையில குழாய் விட்டு மெஷின்ல வைக்கணும். வெச்சா திரும்ப எடுக்க முடியுமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வேணுமா வேணாமான்னு அவரே சொன்னா நல்லது. அந்தக் கை ஏதோ சொல்லுதே?”

“அதுக்கு அர்த்தமெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். புத்தி தடுமாறுது. நீங்க மெஷினை வைங்க.”

அர்த்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். துறைமுகத்தில் பிழைத்த எந்த வீட்டுக்கும் தெரியும். விரல் வானத்தைப் பார்த்துச் சுற்றினால் ‘தூக்கு.’ தரையைப் பார்த்துச் சுற்றினால் ‘இறக்கு.’

வேறு எதுவுமில்லை. அவர் தன்னை இறக்கிவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

கைக்காரர் துறைமுகத்தில் சிக்னல்காரர். கிரேன் ஓட்டுகிறவர் தென்னை உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கப்பலின் வயிற்றுக்குள் கொக்கி இறங்கினால் அது எங்கே போகிறது, யார் தலைக்கு மேல் நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. கப்பல் விளிம்பில் நின்று, உள்ளேயும் பார்த்து, மேலேயும் பார்த்து, கையாலேயே பேசுகிறவர்தான் சிக்னல்காரர். கூண்டில் இருப்பவருக்கு அந்தக் கைதான் கண்.

அவர் கையைப் பற்றிக் கப்பல்துறையில் புளுகாத ஆள் கிடையாது. ஒரு கப்பல் கேப்டனுக்குத் தேநீர்க் குவளையைக் கிரேன் கொக்கியில் தொங்கவிட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் இறக்கிக் கொடுத்தார் என்பது முதலில் பிறந்த கதை. அடுத்த வருஷம் குவளையோடு பிஸ்கட்டும் சேர்ந்தது. அதற்கடுத்த வருஷம் கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார். குவளை நேராக உதட்டில் போய் முட்டி எழுப்பியது. கடைசியாகக் கேட்டபோது கேப்டன் பேதி கண்டு கிடந்தார், குவளையில் கஷாயம் இருந்தது, குடித்து முடிக்கும்வரை கொக்கி சாய்த்துப் பிடித்திருந்தது. கைக்காரர் இதில் எதையும் மறுக்க மாட்டார். “பிஸ்கட் மட்டும் பொய்” என்பார்.

வீட்டிலும் அவர் பேச்சு கையில்தான். சங்கிலியும் இரும்பும் மோதும் இரைச்சலில் அவர் காது நாற்பது வயதுக்குள்ளேயே பாதி செத்துவிட்டது. வேலை முடிந்து வரும்போது தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் ஒரு கணம் நிற்பார். சமையலறை ஜன்னலில் மனைவி முகம் தெரியும். விரலை வானத்துக்கு நீட்டி ஒரு சுற்று. தேநீர்ப் பாத்திரத்தை அடுப்பில் தூக்கி வை என்பது சைகைக்குப் பொருள். நான் முழுசாகத் திரும்பிவிட்டேன் என்பது அவளுக்குப் பொருள். வாசல்வரை வந்து சேரும் அந்தக் கொஞ்ச நேரம்கூட அவள் பயத்தில் நிற்கக் கூடாது என்று அவர் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. மழையில் நனைந்தபடி நின்று காட்டியிருக்கிறார். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு காட்டியிருக்கிறார். ஒருமுறை கை முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர், கட்டோடு தூக்கிக் காட்டினார். “கையே இல்லேன்னா காலால காட்டுவீங்களா?” என்று அவள் திட்டினாள். காட்டுவேன் என்பதற்கு அடையாளமாய் ஒற்றைக் காலைத் தூக்கப்போய்ச் சுவரில் இடித்துக்கொண்டார்.

அந்தப் பயம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கல்யாணமான புதிதில், அவள் தம்பியும் அதே துறையில் சங்கிலிக்காரனாக இருந்தான். கப்பலின் அடிவயிற்றில் சுமைக்குச் சங்கிலி மாட்டுகிற வேலை. ஒரு நாள் இரும்புத் தகட்டுக் கட்டு ஒன்று பாதி தூக்கிய நிலையில் சாய்ந்தது. கைக்காரர் உடனே இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டார். அப்படிக் கோத்தால், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கட்டும், ஒரு துரும்பு அசையக் கூடாது என்று அர்த்தம். கிரேன் நின்றது. ஆனால் கப்பல் புறப்படும் அவசரத்தில் ஒரு மேற்பார்வையாளர் அவருக்குப் பின்னாலிருந்து, ‘ம், ம், நடக்கட்டும்’ என்று கையை வீசினார். கூண்டில் இருந்தவர் சம்பளம் கொடுக்கிற கைக்குக் கீழ்ப்படிந்தார். கட்டு நகர்ந்தது. கட்டுக்கும் கப்பல் சுவருக்கும் நடுவில் தம்பி நின்றிருந்தான்.

அன்று விளக்குக் கம்பத்தடியில் அவர் நிற்கவில்லை. நேராக வாசலுக்கு வந்தார். கோத்த கைகள் வயிற்றின் மேலேயே இருந்தன. வழியெல்லாம் அப்படியேதான் நடந்து வந்திருக்கிறார். அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு யாரும் அவளுக்குச் சேதி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் துறைக்கு வந்த கிரேன்காரர் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே கைக்காரர் இரண்டு சட்டம் சொல்லிவிடுவார். ஒன்று: “முதலாளியே வந்து கையாட்டினாலும் பார்க்காதே. ஒரு சுமைக்கு ஒரு கைதான். என் கையை மட்டும் பாரு.” இரண்டு: “ஆனா ‘நிறுத்து’ன்னு எவன் காட்டினாலும் நிறுத்து. நாய் காட்டினாலும் நிறுத்து. யார் நிறுத்தினானோ அவன் விடுற வரைக்கும் அசையாதே.” ‘நிறுத்து’ என்றால் கையை இடமும் வலமும் வீசுவது. ஒரு நாள் துறைமுகத்து நாய் வாலை இடமும் வலமும் ஆட்டப்போய், கிரேன் ஒன்று நின்றேவிட்டதாம். நாயைச் சமாதானப்படுத்தி வேறு பக்கம் பார்க்கவைத்த பிறகுதான் கப்பல் கிளம்பியதாம்.

இந்த இரண்டாவது சட்டம் வீட்டுக்குள்ளும் புகுந்தது. மகளுக்கு ஐந்து வயதிருக்கும். வேலைக்குக் கிளம்பிய அப்பாவை ஜன்னலிலிருந்து பார்த்தாள். கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, வெட்டுவதுபோல் இடமும் வலமும் வீசினாள். ‘நிறுத்து.’ கைக்காரர் தெரு நடுவில் நின்றுவிட்டார். நிறுத்தியவள் பொம்மையைத் தேடி உள்ளே ஓடிவிட்டாள். பால்காரன் மணியடித்தான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒருவன் சட்டையைப் பிடித்துக்கூட இழுத்துப் பார்த்தான். ஆலைச்சங்கு ஊதி ஓய்ந்தது. கைக்காரம்மா குப்பை கொட்ட வெளியே வந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“என்ன கூத்து இது? போங்களேன்!”

அவர் தலையால் ஜன்னலைக் காட்டினார். நிறுத்தினவள் விடவில்லையே!

“அவ பச்சப் புள்ளைங்க!”

“நாளைக்கு அவ நெசமாவே நிறுத்துவா. அப்போ நான் நிக்கணும்ல?” என்றார்.

மகளைத் தூக்கிக்கொண்டு வந்து கையை நீட்டி இறக்கவைத்த பிறகுதான் நடந்தார். அந்த மகள் இப்போது வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. விசில் ஊதாமல், கையாலேயே இருநூறு பிள்ளைகளை நிற்கவைப்பவள் என்று அங்கே அவளுக்குப் பேர்.

*

பார்வையாளர் நேரத்தில் மாடிக்காரன் வந்தான். துறைமுகத்திலேயே பெரிய கிரேனை ஓட்டுகிறவன். உயரத்தில் குடியிருப்பதால் அந்தப் பேர். வேலைக்குச் சேர்ந்தபோது ஏணியில் பாதி ஏறி, கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தவன். கைக்காரர் மாதக்கணக்கில் காலையில் அவனுக்குப் பின்னால் ஒரு படி கீழே ஏறினார். “விழுந்தா என் மேலதான் விழுவே. நான் மெத்து மெத்துன்னு இருக்கேன், பயப்படாதே” என்பார். உடம்பில் எலும்பும் தோலும்தான் இருந்தது. பயம் போன பிறகு அவனுக்கு வேறு வியாதி வந்தது, கெட்டிக்காரத்தனம். சைகை வருமுன்னே, இதுதான் வரும் என்று ஊகித்துச் சுமையை நகர்த்த ஆரம்பித்தான். கைக்காரர் கத்தவில்லை. ஏணி ஏறிப் போய், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டை எடுத்துப் பிரித்துப் பாதியை அவனுக்குக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “உனக்குத் தெரிஞ்சதை நீ செய்யாதே தம்பி. நான் காட்டுறதைச் செய். அங்கே கீழே நிக்கிறவனுக்கு உன்னோட புத்திசாலித்தனம் தெரியாது. உன்னைத்தான் தெரியும்.” அவ்வளவுதான். இன்றைக்கு மாடிக்காரனிடம் வேலை பழகுகிறவர்கள் பலபேர். அவர்களுக்கும் இதையே சொல்கிறான், சாப்பாட்டைப் பாதி கொடுத்துவிட்டு.

வேலை உடுப்போடு, கிரீஸ் வாசத்தோடு, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றான்.

“அண்ணே, நான்தான்.”

கைக்காரரின் கண் திரும்பியது. துணிக்கடியிலிருந்து கை எழுந்தது. விரல் தரையைப் பார்த்து நீண்டது. சுற்றியது.

மாடிக்காரனின் வலது கை, அவனுக்கே தெரியாமல், இல்லாத ஒரு கைப்பிடியைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் இழுத்தது. பாதியில்தான் அவனுக்கு உறைத்தது. கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு கைக்காரம்மாவைப் பார்த்தான்.

“டீ கேக்கறார்” என்றாள் அவள்.

“அண்ணி…”

“டீதான்டா கேக்கறார்!”

அவன் வெளியே போய்த் தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து நின்றான். அவளும் பின்னாலேயே போனாள், போர்வையை மடிப்பதற்கு எடுத்தது கையிலேயே இருந்தது.

“உள்ளே போய் யார்கிட்டயாவது வாயைத் திறந்தே, அப்புறம் என் வீட்டு வாசல்ல உன்னைப் பார்க்கக் கூடாது.”

“எத்தனை நாளா அண்ணி காட்டுறாரு?”

“அவருக்கு நெனவு சரியில்ல.”

“கை நடுங்கல. வட்டம் கோணல. நான் இருபது வருஷமா படிக்கிற கை அது. கப்பல் விளிம்புல நின்னப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு.”

“உனக்கென்னடா? நீ போயிடுவே உன் கூண்டுக்கு. ராத்திரி விளக்கை அணைச்சா நான் யார் மூஞ்சியைப் பார்ப்பேன்?”

“எனக்கு மட்டும் வேற அண்ணன் இருக்காரா?”

“அப்போ வாயை மூடிக்கிட்டு இரு.”

அவன் தொப்பியைப் பிரித்தான், சுருட்டினான். சொல்லக் கூடாததைச் சொல்லப் போகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“அண்ணன் கை ஒண்ணு சொல்லி, அவருக்குப் பின்னால நின்னு இன்னொருத்தர் கையை வீசினதுனாலதான் உங்க தம்பி…”

போர்வையாலேயே அவனை அடித்தாள். குழந்தைக்கும் வலிக்காத அடி. அவன் நகரவில்லை. இரண்டாவது அடியில் போர்வை கைநழுவி விழுந்தது. அவன் எடுத்து உதறி, நாலாக மடித்து, அவள் கையில் வைத்துவிட்டுப் போனான்.

*

அவள் திரும்பி வந்தபோது விரல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கூடவே, விழுந்துபோன வலது தோள் குலுங்கியது. சில நாட்களாகவே அந்தக் குலுக்கல் உண்டு. வலிப்பாக இருக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

கைக்காரம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவனிடம் கேட்டதற்கு இவரிடம் தீர்த்தாள். “எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்துக்கிட்டீங்களா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” பிறகு என்ன செய்கிறோம் என்று யோசிக்குமுன்பே கையை நீட்டினாள். உள்ளங்கை தரையைப் பார்த்தது. வெட்டுவதுபோல் இடமும் வலமும் வீசினாள்.

நிறுத்து.

விரல் நின்றது. வட்டத்தின் நடுவிலேயே நின்றது. கை மெல்ல இறங்கிப் படுக்கையில் படிந்தது. அவர் அவளையே பார்த்தார். கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. கப்பல் விளிம்பில் நிற்பவர் பார்க்கும் பார்வை, அவ்வளவுதான்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். அன்று பொழுதுக்கும் அந்தக் கை எழவில்லை. மறுநாளும் எழவில்லை. நர்ஸ்கூட, “டீ ஆசை தீந்துடுச்சு போல” என்றாள். மத்தியானம் ஜன்னல் வழியாக ஒரு ஈ வந்தது. முகமூடியின் விளிம்பில் நடந்தது, கன்னத்தில் ஏறியது, கண்ணோரத்து ஈரத்தில் போய் உட்கார்ந்தது. அவர் இமைத்தார். இமைத்தார். நல்ல கை பக்கத்திலேயே கிடந்தது. தூக்கவில்லை.

கைக்காரம்மா ஈயை விரட்டினாள். அது மறுபடி வந்தது. மறுபடி விரட்டினாள்.

“ஓட்டுங்களேன் அதை!” என்று கத்தினாள். பாதிக் காதிலும் அது விழுந்திருக்கும். கை அசையவில்லை.

சாயங்கால ரயிலில் மகள் வந்து சேர்ந்தாள். அப்பாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அது கொடுத்த இடத்தில் கிடந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“போன வாரம்கூட இந்தக் கைக்கு நல்லா பலம் இருக்குன்னு போன்ல சொன்னியே? என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல.”

“நிறுத்தினியா?”

அம்மா போர்வையை இழுத்துவிட்டாள். மகள் அவள் முகத்திலேயே படித்துவிட்டாள். தெரு நடுவில் அப்பாவை நிற்கவைத்தவள் அல்லவா! எந்த வேலையை நிறுத்தச் சொன்னாய் என்று கேட்டாள். கைக்காரம்மா சொன்னாள். டீயில் ஆரம்பித்து மாடிக்காரனை அடித்ததுவரை, குரல் தாழாமல், யார் மேலோ குற்றம் சாட்டுகிற தொனியில் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் அழுதாள். அழுகையோடு பேசினாள்.

“எனக்கும் அப்பா வேணும்மா. மெஷின் வெச்சாவது வேணும்னு ரயில்ல வர்ற வழியெல்லாம் நெனச்சேன். ஆனா பாதியில தொங்குற சுமையை விட்டுட்டு எவனும் வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு சொன்னவரு அவரு. நாம அவரையே தொங்க விட்டுட்டோமே.”

“நீ விடேன். நீயே கையை இறக்கு. உன் பேச்சைத்தான் கேப்பாரே.”

“நான் நிறுத்தலையேம்மா. நிறுத்தினவதான் விடணும்.”

கைக்காரம்மா எழுந்து ஜன்னலருகே போனாள். எதிரே தண்ணீர்த் தொட்டியும், பாசி பிடித்த ஒரு சுவரும். அவளுக்குத் தெரிந்த விளக்குக் கம்பம் எதுவும் அங்கே இல்லை. பின்னால் அவர் நெஞ்சின் இரைச்சல், ஈரக்கயிறு உருளையில் ஏறுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் பார்க்கும்படி வலது கையை நீட்டினாள். சற்று அப்படியே வைத்திருந்தாள். இறக்கினாள்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். கை எழுந்தது. விரல் தரையைப் பார்த்து நீண்டு சுற்றியது. தோளும் குலுங்கியது. நிறுத்தினபோது நின்றுபோயிருந்த குலுக்கல், விட்டவுடன் திரும்பி வந்திருந்தது.

வலிப்பு சைகைக்குக் கட்டுப்படுமா?

அவள் அந்தத் தோளைப் பார்த்தாள். முழங்கையைப் பார்த்தாள். மரத்துப்போன அந்தக் கையை அவர் மேலே கொண்டுவரப் பார்க்கிறார். கண்ணாடிச் சாமான், மருந்துப் பெட்டி, ஆள் உட்கார்ந்த கூண்டு, இப்படிப் பதனமாக இறக்க வேண்டியது எதுவானாலும் அவர் ஒரு கையால் சைகை காட்டமாட்டார். ஒரு கை சுற்றும். இன்னொரு கை அதற்கு நேர் மேலே, விரித்தபடி, அசையாமல் நிற்கும். அந்த அசையாத கைக்கு ஒரே அர்த்தம்தான்: ‘மெதுவாக.’

இத்தனை நாளும் அவர் சொல்ல வந்தது பாதிதான் வெளியே வந்திருக்கிறது. மீதியைச் சொல்ல அவருக்கு ஒரு கை குறைந்தது.

கைக்காரம்மா தன் கையை விரித்தாள். சுற்றும் விரலுக்கு மேலே கொண்டுபோய், அசையாமல் பிடித்தாள்.

தோள் அடங்கியது. விரல் இன்னும் இரண்டு சுற்று, நிதானமாய்ச் சுற்றிவிட்டுத் தானாகவே இறங்கியது. இறங்கும்போது அவள் கையையும் தொட்டு, தன்னோடு படுக்கைக்கு இழுத்துக்கொண்டு போனது.

டாக்டர் வந்ததும் எழுந்து நின்றாள்.

“நான் சொன்னது பொய் டாக்டர். அவர் டீ கேக்கல. அவர் புத்தி தெளிவா இருக்கு, எனக்குத்தான் இல்ல.”

டாக்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அவர் காதருகே ஒவ்வொன்றாய்க் கேட்டாள். தொண்டையில் குழாய் வேண்டுமா? மெஷின் வேண்டுமா? வீட்டுக்குப் போக வேண்டுமா? ஆமென்றால் என் கையை அழுத்துங்கள். முதல் இரண்டுக்கும் கை சும்மா கிடந்தது. மூன்றாவதற்கு, “மெதுவா, மெதுவா, நகம் பதியுது” என்று அவளைச் சொல்லவைத்தது.

*

மெதுவாகத்தான் இறக்கினார்கள். நோவு தெரியாமல் இருக்க மருந்து கொடுத்து, மூச்சுக்கு ஒரு சிலிண்டரும் கொடுத்து அனுப்பினார்கள். சமையலறை ஜன்னல் தெரிகிற இடத்தில் கட்டிலைப் போட்டாள். மாடிக்காரன் வேலை முடிந்து வந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்தான்; வாசலில் முதல் நாள் நின்று தயங்கியவனை, “உள்ளே வாடா, போர்வையா கையில இருக்கு, பயப்படறே?” என்று அவளே அழைத்தாள்.

அழகாக ஒன்றும் நடந்துவிடவில்லை. முதுகில் புண் வந்தது. மூச்சுத் திணறும்போது கண் வெளியே பிதுங்கியது, மகள் அறையை விட்டு ஓடினாள். மெதுவாக என்று அவர் கேட்டதில் பாதிதான் அவருக்குக் கிடைத்தது. கிடைத்தவரைக்கும், அவருடைய வலது பக்கத்தில் கைக்காரம்மா விரித்த கையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு முற்பகலில், அவள் குவளையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். கூப்பிட்ட குரலிலேயே தெரிந்துவிட்டது.

துறைமுகத்து ஆட்கள் வந்தார்கள். வீடு கொள்ளாமல் தெருவில் நின்றார்கள். பேதி கண்ட கேப்டன் கதையை எவனோ ஆரம்பித்து, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டான். குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு, ஒரு பலகையில் கிடத்தினார்கள். கைகள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாய் விழுந்து கிடப்பது பார்க்கச் சகிக்காமல், மகள் அவற்றை எடுத்து வயிற்றின் மேல் கோத்துவைத்தாள்.

புறப்படும் நேரம் வந்தது. பலகையைச் சுற்றி ஆறு பேர் குனிந்தார்கள். தலைமாட்டில் மாடிக்காரன். குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். மற்றவர்களும் அவனைப் பார்த்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், ஒருவரும் தூக்கவில்லை.

பின்னாலிருந்து ஒன்றுவிட்ட மைத்துனர் ஒருவர் கையை வீசினார். “ம், ம், தூக்குங்கப்பா! நேரமாகுது!”

ஆறு பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“என்னடா?” என்றாள் கைக்காரம்மா.

“அண்ணி,” என்றான் மாடிக்காரன். தலையால் காட்டினான். “அண்ணன் கையைக் கோத்திருக்காரு.”

அவள் பார்த்தாள். வாசலில் வந்து நின்ற அதே கைகள். எல்லாம் இருந்த இடத்தில் இருக்கட்டும், ஒரு துரும்பு அசையக் கூடாது.

மண்டியிட்டு உட்கார்ந்தாள். குளிர்ந்து விறைத்த விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தாள். சுண்டுவிரல் மட்டும் வர மறுத்தது. “விடுங்க, போதும்” என்று அதனிடம் சொல்லி எடுத்தாள். கைகளைப் பக்கத்துக்கு ஒன்றாய் வைத்தாள். எழுந்து, மாடிக்காரன் பார்க்கும் இடத்தில், கால்மாட்டில் போய் நின்றாள்.

வலது கையின் ஆள்காட்டி விரல் மேலே எழுந்தது. அதற்கு மேலே இடது கையை விரித்து, அசையாமல் பிடித்தாள். விரலைச் சுற்றினாள்.

மாடிக்காரன் வேறெங்கும் பார்க்கவில்லை. பலகை ஒரு சொட்டும் சிந்தாமல் எழுந்தது.